இடது இறக்கையின் ரிவெட்டுகள்

ஆர்டித் டெட்ஸ்லாஃபுக்கு வலது காது சரியாகக் கேட்காது. பிளம் கிரீக் என்ற அந்தச் சின்ன ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். பேச வருகிறவர்கள் தாமாகவே அவளுக்கு இடப்பக்கம் வந்து நின்றுகொள்வார்கள். கையுறை ஆலையில் இருபத்தாறு வருஷம் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததால் வந்தது என்று அவள் கணவன் மார்லின் சொல்வான். அதே வரிசையில் அவளோடு உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களுக்கெல்லாம் காது நன்றாகவே கேட்கிறது.

மார்லின் காகித ஆலையில் எலெக்ட்ரீஷியன். கெட்டிக்காரன், கை சுத்தம், யாருடைய வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் கூப்பிட்டால் போய்விடுவான். ஐம்பத்தோராவது வயதில், 1995 வசந்தத்தில், அவன் வரவழைத்த விமானப் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. இருவர் உட்காரும் சின்ன அலுமினிய விமானம். தகடுகளும் சட்டங்களும், அவற்றைப் பூட்டும் ரிவெட் ஆணி மூட்டைகளுமாகப் பெட்டியில் வரும். வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெட்டிகளை இறக்க ஆர்டித்தின் தம்பி டெல்மர் வந்திருந்தான். பால் லாரி ஓட்டுகிறவன், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு.

"இதுல விமானம் இருக்கா, விமானத்தோட எலும்பு மட்டும்தானா?" என்றான் டெல்மர்.

"எல்லாம் இருக்கு. ரெண்டே வருஷத்துல பறக்கும்."

"எந்த நூற்றாண்டுல?"

காரேஜிலிருந்து இரண்டு கார்களும் வெளியே போயின. அடுத்த ஒன்பது குளிர்காலமும் ஆர்டித் காலையில் எழுந்து காரின் மேலிருந்து பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

ரிவெட் அடிப்பது ஒருவரால் ஆகிற காரியமில்லை. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியை ரிவெட்டின் தலையில் வைத்து அடிக்க வேண்டும். உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டையை ரிவெட்டின் வால் மேல் நேராக வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டை ஒரு நூல் சாய்ந்தால் வால் கோணிக்கொள்ளும். அதைத் துளைத்து எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். முதலில் டெல்மர்தான் பிடித்தான். அவன் கை தடிமனுக்குச் சட்டங்களுக்கு நடுவே நுழையவில்லை. முதல் பத்தில் எட்டு கோணலாகப் போனது. சாப்பிடக் கூப்பிட வந்த ஆர்டித் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதைக் குடு இப்படி," என்றாள்.

தோலின் தடிமனை விரலாலேயே சொல்கிற கை அவளுடையது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கட்டை நேராக உட்கார்ந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தது. பதினொன்றாவது ரிவெட் சரியாக உட்கார்ந்தது. பன்னிரண்டாவதும் உட்கார்ந்தது. டெல்மர் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னை வேலையை விட்டுத் தூக்கியாச்சு போல. நான் போய் சாப்பிடறேன்," என்று உள்ளே போய்விட்டான்.

அப்படி ஆரம்பித்தது. பதிமூவாயிரத்துச் சொச்சம் ரிவெட்டுகள். வால், வலது இறக்கை, இடது இறக்கை, உடல் என்று ஒவ்வொன்றாக. மார்லின் வெளிச்சத்தில் நின்று அடித்தான். அவள் உள்ளே தலையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு பிடித்தாள். தகர டப்பாவுக்குள் தலையை வைத்திருக்க, வெளியே ஒருவன் சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருக்கும். காதுக்கு மூடி ஒன்று வைத்திருந்தாள். ஆனால் அவன் "ம்" என்றதும் அழுத்தி, "ஆச்சு" என்றதும் எடுக்க வேண்டும். அது கேட்பதற்காக வலது காது மூடியைத் தள்ளிவைத்துக்கொள்வாள். எரிபொருள் தொட்டி இறக்கைக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு ரிவெட்டையும் சாம்பல் நிறப் பசையில் தோய்த்து அடிக்க வேண்டும். அந்தப் பசை அழுகின முட்டை மாதிரி நாறும். முடியில் பட்டால் கத்தரிக்கத்தான் வேண்டும். தேவாலயத்தில் அவள் தலையில் இங்கும் அங்கும் குறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு யாரோ, உடம்புக்கு என்ன என்று கவலையோடு கேட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவள் குறையாகச் சொன்னதில்லை. உண்மையில் அந்த வருஷங்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஒரு வரிசையை முடித்துவிட்டு வெளியே வந்து, விரல் நுனியால் அந்த வரிசையை ஒரு முறை தடவிப் பார்ப்பாள். எதுவும் தட்டுப்படாது. மார்லினும் அப்போது, "உன்னை மாதிரி கட்டை பிடிக்க ஆளே கிடையாது, ஆர்டி," என்பான். காரேஜுக்குள் சொல்வான்.

வீட்டில் கட்டிய விமானத்துக்கு நாட்குறிப்பு வைக்க வேண்டும். யார் கட்டினார்கள், எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்று எழுதி, படமும் ஒட்டவேண்டும். எழுதியது மார்லின். "இன்று நான் நாற்பது ரிவெட் அடித்தேன்." "இன்று நான் இடது தொட்டியை மூடினேன்." படம் எடுத்தது ஆர்டித், அதனால் எல்லாப் படத்திலும் மார்லின் மட்டுமே இருந்தான். ஆறு தடித்த புத்தகங்கள். ஒன்றில்கூட அவள் பேர் வரவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவும் இல்லை.

2004 மே மாதம் சோதனை அதிகாரி வந்தார். விமானம் அதற்குள் ஊர்ப் புல்வெளி விமானத்தளத்தில், வாடகைக்கு எடுத்த கொட்டகையில் நின்றது. அதிகாரி மூடிகளையெல்லாம் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். வீட்டில் சுட்ட ருபார்ப் பை பலகாரமும் காபியும் எடுத்துக்கொண்டு ஆர்டித் வந்தபோது அவர் இறக்கையின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிவெட் வேலை ரொம்ப நல்லாருக்கு. ஃபாக்டரில கூட இப்படிப் பார்க்க முடியாது. யார் கட்டை பிடிச்சது?"

"எல்லாம் நான்தான் பாத்துக்கிட்டேன்," என்றான் மார்லின்.

"அப்ப கட்டினது நீங்க மட்டும்."

"நான் மட்டும்."

விமானத்தை வருஷா வருஷம் தானே சோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமைச் சீட்டு ஒருவருக்குத்தான் கிடைக்கும். மார்லினுக்குக் கிடைத்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆர்டித், "நான் அங்கயே நின்னுட்டிருந்தேனே, மார்லின்," என்றாள்.

"சீட்டு ஒருத்தருக்குத்தான் தருவாங்க. அவர்கிட்ட போயி கதை சொல்லிட்டிருக்கவா முடியும்? நான்னு சொன்னா நாம ரெண்டு பேரும்னுதான் அர்த்தம். இது உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று அவள் சொன்னாள். அப்படி நினைத்துக்கொள்ளவும் முயன்றாள்.

புது விமானம் முதல் நாற்பது மணி நேரம் ஆள் ஏற்றாமல் பறக்க வேண்டும் என்பது விதி. ஜூனும் ஜூலையும் மார்லின் தனியாகப் பறந்தான். முதல் சவாரி உனக்குத்தான் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லியிருந்தான். ஆகஸ்டில் விமானத்தளத்தின் வருடாந்திரக் காலை விருந்து. அன்றைக்கென்று நாள் குறித்து, ஆர்டித் புதிதாக ஒரு ஜாக்கெட்கூட வாங்கி வைத்திருந்தாள்.

அன்று காலை அவள் பான்கேக் அடுப்படியில் நின்றாள். பெண்கள் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். சாப்பிட வரிசை நீண்டது. பத்து மணிக்குக் கரண்டியை வைத்துவிட்டு வருகிறேன் என்று மார்லினிடம் சொல்லியிருந்தாள். விமானத்தைச் சுற்றி ஆண்கள் கூடி நின்றார்கள். டெல்மர்தான் வழக்கம்போல வாயைக் கொடுத்தான்.

"நிஜமாவே பறக்குமா, இல்ல புல்லு வெட்டறதுக்கா?"

"ஏறிப் பாரு, தெரியும்," என்றான் மார்லின்.

"என் வெயிட்டைத் தூக்குமா?"

"உன்னையும் தூக்கும், உன் வாயையும் தூக்கும். ஏறு."

எல்லாரும் சிரித்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டு ஆர்டித் திரும்பியபோது விமானம் புல்வெளியின் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் மார்லின், வலப்பக்கம் தம்பியின் சிவப்புத் தொப்பி. கையில் கரண்டியோடு நின்றாள். பக்கத்தில் நின்ற டெல்மரின் மனைவி ஜானிஸ், "ஐயோ, உன் சீட்டை இவர் பிடிச்சிட்டாரா?" என்று சிரித்தாள். ஆர்டித்தும் சிரித்து வைத்தாள்.

மரங்களுக்கு மேல் ஏறும்போது எஞ்சின் இருமியது. ஒருமுறை பிடித்தது. பிறகு நின்றுவிட்டது. அந்தச் சத்தமில்லாமை ஆர்டித்துக்குக்கூடக் கேட்டது. மார்லின் மூக்கைத் தாழ்த்தி, எதிரே இருந்த சோயா வயலில் இறக்கப் பார்த்தான். வேலிக் கம்பத்தில் இடது இறக்கை மோதி, விமானம் சுற்றிக் குப்புற விழுந்தது. தீப்பிடிக்கவில்லை. மார்லினுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது, நெற்றியில் ஏழு தையல். டெல்மருக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு அன்றோடு போயிற்று.

மூன்றாம் நாள் விபத்து விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆர்டித் மார்லினுடைய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எரிபொருள் ஏன் எஞ்சினுக்குப் போகவில்லை என்று அதிகாரி கேட்டார். மார்லின் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இடது தொட்டி ஒழுகியிருக்கும். வேற காரணம் எனக்குத் தோணல."

"தொட்டி ரிவெட் நீங்க அடிச்சதுதானே? நாட்குறிப்புல அப்படித்தான் இருக்கு."

"அடிச்சது நான். உள்ளே பிடிச்சது இவ. தொட்டிக்குள்ள என் கண்ணுக்குத் தெரியாது. இவ சரின்னு சொன்னா, சரின்னு எடுத்துக்கிட்டேன்."

அதிகாரி முதன்முறையாக அவள் பக்கம் திரும்பி, பேனாவை எடுத்து, "உங்க பேரைச் சொல்லுங்க மேடம், எழுத்து எழுத்தா," என்றார்.

அவள் சொன்னாள். அந்த விமானத்தைப் பற்றிய காகிதங்களில் அவள் பேர் ஏறியது அன்றைக்குத்தான்.

அது எப்படி ஊருக்குள் போயிற்று என்று அவள் தேடவில்லை. வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு மதுக்கடையில் கூடுகிறவர்கள் மார்லினைச் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். அவனும் ஆஸ்பத்திரியில் சொன்னதையே சொல்லியிருப்பான். பொய் சொல்கிறோம் என்று அவன் நினைத்தானா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அதைவிட மோசம், அவளே பாதி நம்பினாள். இடது தொட்டி மூடிய வாரம் அவளுக்குக் காய்ச்சல். கை நடுங்கிய ஒரு ரிவெட், பசை காய்ந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்ட இன்னொன்று என்று பாத்திரம் கழுவும்போதும் கார் ஓட்டும்போதும் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துத் தேடினாள்.

டெல்மர் வீட்டுக்கு வந்ததும், ஹாமும் சீஸும் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு போனாள். ஜானிஸ் வாசலிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அவர் தூங்கறார்."

"நான் காத்திருக்கேன், ஜானிஸ்."

"வேண்டாம். நான் உன்னைத் திட்டிடுவேன். திட்டக் கூடாதுன்னு பாஸ்டர் சொல்லியிருக்கார். அதனால நீ போயிடு."

அடுத்த வாரம் பாத்திரம் கழுவப்பட்டு அவள் வீட்டு வாசற்படியில் இருந்தது. ஆனால் மார்லின் அந்த வீட்டுக்குப் போனான். வியாழக்கிழமைதோறும் டெல்மரோடு உட்கார்ந்து சீட்டாடிவிட்டு வந்தான். விமானத்தை ஓட்டினவன் உள்ளே போகலாம், கட்டை பிடித்தவள் போகக் கூடாது. அதில் எதுவும் விசித்திரமாக யாருக்கும் படவில்லை.

பதினோரு மாதம் கழித்து, கார் காப்பீட்டுத் தாளைத் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தவள், விசாரணை அறிக்கையைப் பார்த்தாள். உறையில் முத்திரை ஐந்து வாரத்துக்கு முந்தியது. நின்றபடியே படித்தாள். இரண்டு தொட்டிகளையும் சோதித்தார்கள். இடது தொட்டி வேலிக் கம்பத்தில் கிழிந்தது தவிர அதன் ரிவெட்டுகளில் எந்தக் குறையும் இல்லை. இருக்கைகளுக்கு நடுவே தரையில் இருக்கும் எரிபொருள் குழாயின் ஒரு நட்டு, கையால் திருகினபடியே இருந்தது. கருவி வைத்து முறுக்கவே இல்லை. முறுக்கினதற்கு அடையாளமாக வைக்கும் ஆரஞ்சுப் பொட்டும் அதில் இல்லை. அந்த வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சி நின்றிருக்கிறது. குழாய் வேலை முழுதும் மார்லினுடையது. அவள் அம்மாவைப் புதைக்க மினசோட்டா போயிருந்த வாரத்தில் அவன் தனியாகச் செய்தது. அறிக்கையில் அவனுடைய நாட்குறிப்பிலிருந்தே எடுத்து எழுதியிருந்தார்கள்: "இன்று நான் எரிபொருள் குழாய்களை முடித்தேன்."

அவன் புல் வெட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"இது வந்து அஞ்சு வாரம் ஆச்சு," என்றாள்.

அவன் தாளைப் பார்த்தான், குழாயைத் திறந்து கை கழுவினான். "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"டெல்மர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அவன் கால் வந்துடுமா?"

"மார்லின், நான் ஒரு வருஷமா என் கையையே பாத்துட்டிருக்கேன்."

"இப்ப தெரிஞ்சுடுச்சில்ல, விடு. இதுக்கு மேல என்ன செய்யணுங்கற?"

அவள் அறிக்கையை எடுத்துக்கொண்டு ஜானிஸ் வேலை பார்க்கும் நூலகத்துக்குப் போனாள். ஜானிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பி ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"'அநேகமான காரணம்'னுதானே போட்டிருக்கான். அநேகமா. இதுதான்னு சொல்லலையே."

"எல்லா அறிக்கையிலயும் அப்படித்தான் போடுவாங்க, ஜானிஸ்."

"இருக்கலாம். ஆனா இதை நீ கொண்டுவர்ற பாரு. மார்லின் கொண்டுவரல."

ஆர்டித் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டாள். அது உண்மை.

அந்த அக்டோபரில் அயோவாவிலிருந்து கெண்ட் என்பவர் டிரெய்லரோடு வந்தார். சேதமில்லாத வலது இறக்கையையும் வாலையும் வாங்கிப்போகத்தான். காரேஜில் சாய்த்துவைத்திருந்த இறக்கையைக் குனிந்து குனிந்து பார்த்தார். ஆர்டித் சமையலறைக் கதவின் வலைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"மனசுல பட்டதைக் கேட்டுடறேன். ரிவெட் சரியில்லாமத்தான் விழுந்துச்சுன்னு தளத்துல ஒருத்தர் சொன்னாரு," என்றார் கெண்ட்.

"சுத்தப் பொய்ங்க அது. ஒரு நிமிஷம்."

மார்லின் உள்ளே வந்தான். அவளைத் தாண்டிப் போய் இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்துக்கொண்டு திரும்பினான். "படிங்க. ரிவெட்ல குறையில்லைன்னு கவர்மென்ட்டே எழுதியிருக்கு. ஒரு நட்டு. நான்தான் முறுக்காம விட்டுட்டேன், என் தப்பு. இந்த ரிவெட்டெல்லாம் என் வீட்டுக்காரி பிடிச்சது. பதிமூவாயிரம். ஒண்ணு கோணல் காட்டுங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

எவ்வளவு சரளமாக வந்தது. அவன் குரலில் பெருமைகூட இருந்தது, அது நடிப்பும் இல்லை. கெண்ட் இறக்கையைத் தடவிப் பார்த்து, சம்மதித்து, ஏற்றிக்கொண்டு போனார். டிரெய்லர் திருப்பத்தில் மறையும்வரை ஆர்டித் பொறுத்திருந்தாள். பிறகு வெளியே வந்து அவன் கையிலிருந்த அறிக்கையை வாங்கிக்கொண்டாள்.

"கார்ல ஏறு. அவர்கிட்ட சொன்னதை டெல்மர்கிட்டயும் வந்து சொல்லு."

"இன்னிக்கு வேண்டாம், ஆர்டி. விலாவெல்லாம் பிடிச்சிருக்கு."

"ஏறு."

அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. ஏறினான். டெல்மர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அவன் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் இறங்குவதாக இல்லை. அவளே இறங்கிப் போனாள். ஜானிஸ் வேலைக்குப் போயிருந்தாள், கதவு பூட்டியிருக்கவில்லை.

டெல்மர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். பாதியாக இளைத்திருந்தான். அவளைப் பார்த்துவிட்டு வெளியே காரைப் பார்த்தான்.

"அவனும் வந்திருக்கானா?"

"வந்திருக்கான். இறங்கல." அறிக்கையை அவன் மடியில் வைத்தாள். "இதைப் படி, டெல்மர்."

அவன் தொடக்கூட இல்லை. "ஜானிஸ் சொன்னா. சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும். எஞ்சின் நிக்கறதுக்கு முன்னாடியே என் காலடியிலேர்ந்து பெட்ரோல் வாடை வந்துச்சு. தரையிலேர்ந்து. இறக்கைலேர்ந்து இல்ல."

ஆர்டித் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"என்னை வாசல்லயே நிறுத்தி அனுப்பினாளே, அப்பவும்?"

"தூங்கல நான். கேட்டுட்டுத்தான் இருந்தேன்." அவன் நாற்காலியின் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "பால் கம்பெனிலேர்ந்து முதல் மாசம் கூட்டமா வந்தாங்க. இப்ப ஒருத்தரும் வர்றதில்ல. மார்லின் வர்றான். ஒரு வியாழக்கிழமை தவறல. அவன் முகத்துக்கு நேரா இதைச் சொன்னா, அப்புறம் அவனால இங்க வந்து உக்கார முடியாது. நீன்னா... நீ என் அக்கா. நீ எங்க போயிடப்போற?"

அவள் அவனையே பார்த்தாள். திட்ட வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கால்களைப் பார்த்தாள். அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காரில் மார்லின் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் திருகும்வரை பொறுத்து, "என்ன சொன்னான்?" என்றான்.

"வியாழக்கிழமை சீட்டுக்கு வரச் சொன்னான்," என்றாள்.

அவன் மூச்சு விட்டான். அவளுடைய வலது காதுக்கே கேட்கிற மாதிரி பெரிய மூச்சு.

மறு வருஷம் மார்லின் இன்னொரு விமானப் பெட்டி வரவழைத்தான். இந்தத் தடவை வேறு வகை ரிவெட். வெளியிலிருந்து ஒருவரே இழுத்துப் பூட்டிவிடலாம், உள்ளே பிடிக்க ஆள் தேவையில்லை. அவன் அதை அவளிடம் நல்ல செய்தியாகச் சொன்னான். ஆர்டித் தலையாட்டிவிட்டு மேலே போய், தன் துணிமணிகளையும் தலையணையையும் கல்யாணமாகிப் போன மகளின் பழைய அறைக்கு மாற்றிக்கொண்டாள். ஏன் என்று அவன் கேட்டபோது, காலையில் சீக்கிரம் எழ வேண்டியிருக்கிறது என்றாள். அவன் அதையும் நம்பினான்.